ஆராயப்படும்

சேவை மையத்தின் சுவரில் இப்போது வேறொருவரின் படம் தொங்குகிறது. புதியவர் கலகலப்பானவர். யார் வந்து எதைக் கேட்டாலும் தோளில் தட்டி, "செட்டல் பண்ணிடலாம்லா, கவலப்படாதீங்க" என்பார். வந்தவர்கள் சிரித்த முகத்தோடு போவார்கள். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் ஒரே ஒரு பதவித் தவணை உட்கார்ந்திருந்தவர் அந்த வார்த்தையை ஒருநாளும் சொன்னதில்லை. அவரைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி வெளியே போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

மாநிலச் சட்டமன்ற உறுப்பினரை இங்கே வைபி என்றுதான் கூப்பிடுவோம். கட்சி அவரை மறுபடி நிறுத்தவில்லை. சொந்த ஊரான பாகான் டத்தோவுக்கே திரும்பிப் போய்விட்டதாகக் கேள்வி. பதவி போனாலும் எனக்கு அவர் வைபிதான். புதியவரை அப்படிக் கூப்பிடும்போது இன்றுவரை நாக்கு ஒரு கணம் தயங்குகிறது.

ஈப்போவின் சிலிபின் பகுதியில் ஒரு டயர்க் கடைக்கு அடுத்த கதவு எங்கள் மையம். மூன்று வைபிகளிடம் அங்கே குமாஸ்தாவாக இருந்துவிட்டேன். பழையவர் பதவிக்கு வந்த முதல் வாரமே அவரோடு எனக்கு முட்டிக்கொண்டது.

நலத்துறையில் உதவி கேட்டிருந்த ஒரு பெரியவர் வந்திருந்தார். கண் பார்வை மங்கல். மலாய் மொழியில் வந்திருந்த கடிதத்தை என்னிடம் நீட்டினார். எனக்குப் பழகிப்போன வேலை. மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "இன்னும் பார்த்துக்கிட்டு இருக்காங்க ஐயா. அடுத்த மாசம் வாங்க" என்றேன்.

உள்ளறையிலிருந்து எழுந்து வந்த வைபி கடிதத்தை என் கையிலிருந்து வாங்கினார். பெரியவருக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வரி வரியாகத் தமிழில் சொன்னார்.

"ஒங்க மனுவ நிராகரிச்சிட்டாங்க ஐயா. வேலை செய்யிற மகன் இருக்கிறதால ஒங்களுக்கு உதவி இல்லன்னு போட்டிருக்கு."

"மவனா?" பெரியவர் குரல் உயர்ந்தது. "அவன் சிங்கப்பூர் போயி ஒம்பது வருசமாச்சு. இருக்கானா செத்தானான்னே தெரியல. அந்த ஆபீசருக்குத் தெரிஞ்சா அவரையே தேடிப் புடிச்சிக் குடுக்கச் சொல்லுங்க!"

"இத அப்படியே எழுதட்டுமா?"

"எழுதுங்க!"

எழுதினார். ஒரு சொல் விடாமல் மலாயில் எழுதி, வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கினார். அடுத்த வாரம் அந்த அதிகாரி போனில் கூப்பிட்டு, இதென்ன இப்படி ஒரு கடிதம் என்று கோபித்துக்கொண்டார். "அவர் சொன்னது அதுதான் துவான்" என்றார் வைபி மரியாதையாக, வேறொன்றும் சேர்க்காமல். கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெரியவருக்கு உதவி கிடைத்தது. ஆனால் அப்படிக் கிடைத்தது எப்போதாவதுதான். பெரும்பாலும் இல்லை என்றுதான் கடிதம் வரும். இல்லை என்றுதான் இவரும் சொல்வார்.

எனக்குப் பொறுக்காது. "கொஞ்சம் நல்லவிதமா சொன்னா என்னா வைபி? ஒரு நம்பிக்கையோட வீட்டுக்குப் போவாங்க."

"எதுக்கு சரசு? அடுத்த மாசம் மறுபடியும் பஸ் ஏறி வாரதுக்கா?"

அவர் அரசியலுக்கு வருவதற்கு முன்னால் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். தமிழ் மட்டுமே தெரிந்தவர்கள் சாட்சிக் கூண்டில் நின்று சொல்வதை மலாயிலும், நீதிபதி சொல்வதை அவர்களுக்குத் தமிழிலும் மாற்றிச் சொல்லும் வேலை. இருபது வருடத்துக்கு மேல் அதுதான். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லும் பழக்கம் அங்கிருந்து வந்ததாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பத்து காஜா ஊர்ப் பக்கம் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டுக் காரில் திரும்பும்போது அவரே சொன்னார். நான் கேட்கக்கூட இல்லை.

"வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு ஆளு மேல திருட்டுக் கேசு. குத்தத்த ஒத்துக்கிறியான்னு கேட்டாங்க. 'எடுத்தேன் ஐயா, ஆனா மொதலாளி தவ்கே எனக்குக் குடுத்ததா நெனச்சித்தான் எடுத்தேன்'னு சொன்னான். சாப்பாட்டு நேரம். எல்லாரும் எந்திரிக்கிற அவசரத்துல இருந்தாங்க. நான் 'ஒத்துக்கிறான்'னு ஒரு வார்த்தையில முடிச்சிட்டேன்."

"அப்புறம்?"

"உள்ள போயிட்டான். வாசல்ல அவன் சம்சாரம் என்கிட்ட வந்து, 'எங்க வீட்டுக்காரரு என்னா சொன்னாரு'ன்னு கேட்டுச்சி. அதுகிட்ட மட்டும் முழுசா சொன்னேன்."

சொல்லிவிட்டு, மையத்துக்குப் போகும் சாலையில் காரைத் திருப்பினார்.

கட்சி அவருக்குத் தேர்தலில் இடம் கொடுத்ததே அவருடைய மொழிக்காகத்தான். அந்தத் தேர்தலுக்குக் கட்சி தன் திட்ட அறிக்கையை மூன்று மொழிகளில் வெளியிட்டது. தமிழ்ப் பகுதி இவர் பொறுப்பு. தோட்டங்கள் விற்கப்பட்ட பிறகும் அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களுக்கு வீட்டு உரிமை என்று அதில் ஒரு வரி. மலாயில் அது 'ஆராயப்படும்' என்ற பொருளில்தான் இருந்தது. இவரும் தமிழில் 'ஆராயப்படும்' என்றே எழுதிக் கொடுத்தார். கட்சிச் செயலாளர் அதைப் படித்துவிட்டு முகம் சுளித்தார்.

"ஆராயப்படும்னு போட்டா யாருண்ணே ஓட்டுப் போடுவா? 'வழங்கப்படும்'னு மாத்துங்க."

"மலாயில இல்லாதத நான் தமிழ்ல எப்படி எழுதுறது?"

செயலாளர் சிரித்துக்கொண்டே தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். தோட்டங்களில் கொடுக்க அந்தத் தமிழ்ப் பகுதி துண்டறிக்கையாக அச்சாகி வந்தபோது 'வழங்கப்படும்' என்று இருந்தது. அதற்குக் கீழே, அப்போது வேட்பாளராக இருந்த வைபியின் சிரித்த முகம். மையத்துக்கு வந்த இரண்டு கட்டுகளையும் அவர் மேசையில் பரப்பிப்போட்டு, பேனாவால் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தார். மற்ற கட்டுகள் அதற்குள் தோட்டங்களுக்குப் போய்விட்டிருந்தன. செயலாளர் கொண்டுபோனது நகல்தான்; வைபி கைப்பட எழுதிய முதல் பிரதியை நான் என் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன்.

அந்தத் துண்டறிக்கை போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று ஏழரைக்கட்டைத் தோட்டம். நான் பிறந்த இடம். ஈப்போவிலிருந்து ஏழரை மைல்; மைலை இங்கே கட்டை என்போம். முதலில் ரப்பர், அப்புறம் செம்பனை, அப்புறம் ஒன்றுமில்லை. நிலத்தை ஒரு வீடமைப்பு நிறுவனம் வாங்கிவிட்டது. தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடுகளில் இருபத்து மூன்று குடும்பங்கள் மிச்சம். அதில் ஒன்று என் அக்கா பாக்கியத்துடையது. அக்காவும் மாமாவும் கணக்கில்லாத வருடங்கள் அந்தக் காட்டில்தான் வேலை செய்தார்கள்.

வெற்றிக்குப் பிறகு வைபியை அங்கே அழைத்துப் போனேன். அக்கா கதவைத் திறந்து, உள்பக்கம் ஒட்டி வைத்திருந்த துண்டறிக்கையைக் காட்டினாள்.

"இந்தா, ஒங்க மொகம். வழங்கப்படும்னு போட்டிருக்கு. எப்ப?"

"அக்கா, மலாயில அப்படி இல்ல. ஆராயப்படும்னுதான் இருக்கு."

"மலாயில என்னா இருந்தா எனக்கென்னா வைபி? எனக்குத் தமிழ்லதான குடுத்தீங்க?"

அக்கா கொடுத்த கோப்பியை நின்றபடியே குடித்தார். காரில் ஏறிய பிறகு, "ஒங்க அக்கா சொல்றதுதான் சரி. எந்த மொழியில குடுத்தமோ அதுலதான் வாக்கு" என்றார்.

அன்றிலிருந்து ஏழரைக்கட்டையைத் தவிர அவர் வேறெதையும் நினைத்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. தோட்ட நிலத்தில் வீடு கட்டி விற்க வேண்டுமென்றால் முதலில் மாநில அரசு அந்த நிலத்தின் வகையை மாற்றி அனுமதி தர வேண்டும். அந்த அனுமதியிலேயே, அங்கே குடியிருக்கும் குடும்பங்களுக்கு வீடு ஒதுக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டுவிட்டால் போதும். இதுதான் அவர் கண்டுபிடித்த வழி. ஒரு தீர்மானமாக எழுதிச் சட்டமன்றத்தில் கொடுத்தார். நான்தான் தட்டச்சு செய்தேன்.

அப்போதுதான் எனக்கும் ஒரு விஷயம் தெரிந்தது. சட்டமன்றம் வருடத்தில் சில நாட்களே கூடும். முதலில் அரசாங்கத்தின் அலுவல்கள். தனி உறுப்பினரின் தீர்மானம் பட்டியலின் கடைசியில். முதல் கூட்டத்தில் அதற்கு முன்பே நேரம் முடிந்துவிட்டது. இரண்டாவது கூட்டத்திலும் அப்படியே. மூன்றாவது கூட்டத்தில், அதற்கு முந்திய அலுவல் வரைக்கும் வந்து ஒத்திவைத்தார்கள். ஆளுங்கட்சிக்காரரே கொண்டுவந்த தீர்மானத்தை யாரும் எதிர்க்கவில்லை, தோற்கடிக்கவில்லை. அதன் முறைதான் வரவே இல்லை.

ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் அக்கா போன் செய்வாள். "என்னா ஆச்சு சரசு?"

"நேரம் முடிஞ்சிருச்சாம்க்கா."

"அவுங்களுக்கு மட்டும் எப்பப் பாரு நேரம் முடிஞ்சிடுது" என்பாள்.

பிறகு நிலத்தை வாங்கிய நிறுவனம் வழக்குப் போட்டு, வீடுகளைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வாங்கிவிட்டது. நோட்டீஸ் மலாயில் இருந்தது. வைபி லயத்துக்கே போய், இருபத்து மூன்று குடும்பத்தையும் மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டி, அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் தமிழில் சொன்னார். "இதுக்கு ஏதாச்சும் வழி இருக்கா?" என்று மாமா கேட்டார். "எனக்குத் தெரிஞ்சி இல்ல. அடுத்த வாரம் சட்டமன்றம் கூடுது. பேசிப் பாக்கிறேன்" என்றார்.

அந்தக் கூட்டத்துக்கு நானும் போய்ப் பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்திருந்தேன். வரவு செலவு விவாதம். அவருக்குக் கொடுத்தது சில நிமிடங்கள். எழுந்து துண்டறிக்கையைக் கையில் எடுத்தார். அந்த ஒரு வரியை முதலில் தமிழில் வாசித்தார். பிறகு, சாட்சிக் கூண்டில் யாரோ சொன்னதை நீதிபதிக்குச் சொல்வதுபோல, ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் மலாயில் சொன்னார்.

"மாண்புமிகு சபாநாயகர் அவர்களே, என் கட்சி உங்களிடம் ஆராயப்படும் என்று சொன்னது. என் மக்களிடம் வழங்கப்படும் என்று சொன்னது. இரண்டில் எது உண்மை என்று அவர்கள் கேட்கிறார்கள். நான் அவர்கள் சொன்னதைச் சொல்கிறேன்."

எதிர்க்கட்சி வரிசை மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தது. அவருடைய வரிசையில் ஒருவரும் அசையவில்லை. அந்தத் தட்டல்தான் அவரைக் கவிழ்த்தது. மதியத்துக்குள் அந்தக் காட்சி எல்லாருடைய கைப்பேசியிலும் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க்கட்சிக்காரர்களே அதைப் பரப்பினார்கள்.

மறுநாள் காலையில் கட்சிச் செயலாளர் மையத்துக்கு வந்தார். கத்தவில்லை, திட்டவில்லை. தமிழில் தட்டச்சு செய்த ஒரு அறிக்கையை மேசையில் வைத்தார். துண்டறிக்கையில் நேர்ந்தது மொழிபெயர்ப்புப் பிழை, அந்தப் பிழைக்குத் தானே முழுப்பொறுப்பு, கட்சியிடமும் மக்களிடமும் வருத்தம் தெரிவிப்பதாக அதில் இருந்தது.

"நான் அப்படி எழுதலியே" என்றார் வைபி.

"எனக்குத் தெரியும்ணே. ஒங்களுக்கும் தெரியும். இப்ப அதுவா பிரச்சன? நீங்க கையெழுத்துப் போட்டா, இந்த வாரமே ஏழரைக்கட்டை விசயத்த மாநில ஆட்சிக்குழுவுக்குக் கொண்டு போறோம். போடலன்னா, ஒங்க பேரு இருக்கிற எந்தப் பேப்பரும் மேல போவாது. ஒங்க தீர்மானமும் அங்கயேதான் கெடக்கும்."

நான் இழுப்பறையைத் திறந்து அந்தப் பழைய கைப்பிரதியை எடுத்து நீட்டினேன். "வைபி, இது இருக்கு."

செயலாளர் அதைப் பார்த்தார். வைபியும் பார்த்தார்.

"உள்ள வைமா."

"வைபி, நீங்க எழுதினது இதுதான்னு..."

"உள்ள வை சரசு. அங்க இருவத்து மூணு குடும்பம் இருக்கு. என் தமிழ் நல்லாருந்தா என்னா, கெட்டுப்போனா என்னா?"

அறிக்கையை இரண்டு முறை படித்தார். ஓரிடத்தில் விட்டுப்போயிருந்த ஒற்று ஒன்றைப் போட்டுத் திருத்தினார். பிறகு கையெழுத்துப் போட்டார். செயலாளர் போன பிறகும் வெகு நேரம் பேனாவை மூடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"கொண்டு போறோம்னுதான் சொன்னாரு. கெடைக்கும்னு சொல்லல. நான் கவனிச்சேன்" என்றார்.

அறிக்கை தமிழ்ப் பத்திரிகையில் படத்தோடு வந்தது. அந்த வாரம் முழுவதும் கோப்பிக் கடையில் அவர் காதுபடவே பேசினார்கள். "இவ்ளோ வருசம் கோர்ட்டுல என்னத்த மொழிபெயர்த்தாரோ. எத்தன பேரு இவரால உள்ள போனானோ." அவர் கண்ணாடிக் குவளையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து போகவும் இல்லை. அந்த ஒரு கேலி மட்டும் அவருக்கு எங்கே போய்த் தைத்திருக்கும் என்று அந்தக் கடையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அக்கா போன் செய்தாள். "அந்தாளு தப்பா எழுதினத நம்பியா நாங்க இத்தன நாளு ஒக்காந்திருந்தோம்? ஒனக்குத் தெரியுமா சரசு இது?"

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் கையெழுத்துப் போட்டவர் அவர். அதை உடைக்க நான் யார் என்று தோன்றியது. உடைத்தால் ஆட்சிக்குழுவுக்குப் போகும் விஷயமும் நின்றுவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

"தெரியலக்கா" என்றேன்.

செயலாளர் சொன்னபடி செய்தார். அதில் குறை சொல்ல முடியாது. அந்த வாரமே விஷயம் ஆட்சிக்குழுவுக்குப் போனது. கொஞ்ச நாளில் பதிலும் வந்தது. அரை பக்கக் கடிதம். நிலம் தனியாருக்குச் சொந்தமானது. நில மாற்று அனுமதி ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது. குடியிருப்பாளர்களுக்கு மாற்று ஏற்பாடு ஆராயப்படும். வைபி அதை என்னிடம் தமிழில் சொன்னார். கடைசிச் சொல்லையும் மாற்றாமல் சொன்னார். பிறகு காரை எடுத்துக்கொண்டு, லயத்துக்காரர்களிடம் சொல்ல ஏழரைக்கட்டைக்குப் போனார். நான் கூடப் போகவில்லை. எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

வீடுகளை உடைக்க வந்த அன்று நான் போயிருந்தேன். மண்வாரி இயந்திரம் ஒன்று தோட்டத்துக்கு வரும் சடக்கின் ஓரமாக நின்றது. போலீஸ்காரர்கள் சிலர் மர நிழலில். நீதிமன்ற உத்தரவோடு வந்திருந்த அதிகாரி நடுத்தர வயது மலாய்க்காரர். மரியாதையாகத்தான் பேசினார். வைபி அவருக்கும் லயத்துக்காரர்களுக்கும் நடுவில் நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அங்கே அவருக்கு ஒரு அதிகாரமும் இல்லை. நின்று, அவர் சொல்வதை இவர்களுக்கும் இவர்கள் சொல்வதை அவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பேத்திக்குப் பரீட்ச. ஒரு வாரம் மட்டும் விடச் சொல்லுங்க" என்றார் மாமா.

வைபி சொன்னார். அதிகாரி தலையை ஆட்டிவிட்டு ஏதோ சொன்னார்.

"இன்னிக்கு மதியத்துக்குள்ள சாமான எடுத்துடணுமாம். தேதிய மாத்த அவரால முடியாதாம். அவருக்கும் கஷ்டமாத்தான் இருக்குதாம்."

அக்கா முன்னால் வந்தாள். "அவருக்கு என்னா கஷ்டம்னு கேளுங்க."

வைபி கேட்டார். அதை அப்படியே, அதே கேள்வியாக, மலாயில் கேட்டார். அதிகாரி கையிலிருந்த கோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பதில் சொல்லலக்கா" என்றார் வைபி.

சாமான்களை வெளியே கொண்டுவரத் தொடங்கினோம். அடுப்பு, தையல் மெஷின், சாமிப் படங்கள், துணி மூட்டைகள். மாமா லோரியில் ஏறி நின்று ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினார். கடைசியில் பெரிய மர அலமாரி மட்டும் மிச்சம் இருந்தது. அதை வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்த அக்கா, எதிரில் நின்ற வைபியைப் பார்த்து நிறுத்தினாள்.

"வைபி. அந்த ஆபீசரு சொன்னதெல்லாம் கேட்டாச்சு. நான் ஒங்கள ஒண்ணு கேக்கிறேன். தப்பா எழுதினது நீங்கன்னு பேப்பர்ல வந்துச்சே. நெசமா?"

அவர் என்னைப் பார்த்தார். இத்தனை நாளில் எந்தக் கேள்விக்கும் அவர் இன்னொருவர் முகத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. வழியில் நின்ற போலீஸ்காரர் ஒருவர், சீக்கிரம் என்பதுபோலக் கையைக் காட்டினார்.

"கையெழுத்து என்னுதுதான்க்கா" என்றார் வைபி.

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன புரிந்ததோ எனக்குத் தெரியாது. இன்றுவரை நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து அலமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

"சரி, அந்தப் பக்கம் புடிங்க. பாத்து, கதவு தொறந்துக்கும்."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மறுபக்கத்தைப் பிடித்தார். இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு லோரியை நோக்கி நடந்தார்கள்.